கையெழுத்து ஊரில், தாலி தாய்லாந்தில்

கேள்வி: எங்கள் ஊர் கரூர். ஒரே மகள், பெங்களூரில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை கோயம்புத்தூர். ஜாதகம் பொருந்தி, நிச்சயமும் முடிந்துவிட்டது. 2027 தை மாதம் கல்யாணம். தாய்லாந்தில் புக்கெட் கடற்கரையில் தாலி கட்ட வேண்டும் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் ஆசைப்படுகிறார்கள். 120 பேரை அழைத்துப் போக நினைக்கிறோம். செலவுக்கு 45 லட்சம் ஒதுக்கியிருக்கிறோம். என் மாமியாருக்கு 81 வயது, முழங்கால் வலி. அங்கே கட்டும் தாலி சட்டப்படி செல்லுமா? நகையை எப்படிக் கொண்டு போவது? ஐயர், மேளம், சாப்பாடு எல்லாம் எப்படி? ஊரில் சொந்தக்காரர்கள் மனவருத்தப்படுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்)

அன்புள்ள சகோதரிக்கு,

வெளிநாட்டுக் கல்யாணம் என்றதும் எல்லோரும் முதலில் ஓட்டலைத் தேடுகிறார்கள். நீங்களும் புக்கெட்டில் தொடங்கியிருக்கிறீர்கள். கல்யாண ஏற்பாடு செய்யும் இந்தத் தொழிலில் நான் குடும்பங்களிடம் முதலில் கேட்பது வேறு. தாலி கட்டும் நேரத்தில் யார் யார் கட்டாயம் பக்கத்தில் நிற்க வேண்டும்? இரண்டு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் முப்பது, நாற்பதுக்கு மேல் போகாது. அந்த முப்பது பேரில் வயதானவர் யார், பாஸ்போர்ட் இல்லாதவர் யார், பரீட்சை எழுதும் பிள்ளை யார் என்று பார்த்தால் எந்த ஊர், எந்த மாதம், எத்தனை நாள் என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும். ஓட்டலுக்கு முன்பணம் கட்டிவிட்டு அப்புறம் பாட்டியால் வர முடியுமா என்று யோசிப்பதுதான் வீட்டில் சண்டையில் போய் முடிகிறது.

உங்கள் தாளில் முதல் பெயர் உங்கள் மாமியாருடையதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவரிடம் நீங்களே நேரில் கேளுங்கள். மகன் கேட்டால் "உங்களுக்கு எதுக்குப்பா கஷ்டம், நான் வரல" என்று சொல்லிவிடுவார்கள், இது பல வீடுகளில் நான் பார்த்தது. பேத்தியும் கூட இருந்து கேட்டால் உண்மையான பதில் வரும். வர ஆசைப்பட்டால், புக்கெட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு ஹுவா ஹின் என்ற ஊரைப் பாருங்கள் என்பேன். சென்னையிலிருந்து பாங்காக் நேரடி விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம். புக்கெட் போக அங்கே இறங்கி இன்னொரு விமானம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். 81 வயதுக்காரருக்கு அந்த இரண்டாவது விமானம்தான் உடம்பை முறிக்கும். ஹுவா ஹின் பாங்காக்கிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், நல்ல சாலை, பேருந்தில் மூன்று மணி நேரம். இரண்டு பேருந்து பிடித்தால் மொத்தக் கூட்டமும் ஒன்றாகவே போய்விடும். கடலும் உண்டு, கல்யாணத்துக்கு ஏற்ற பெரிய புல்வெளி கொண்ட ஓட்டல்களும் உண்டு. தையில் இரண்டு ஊரிலும் மழைத் தொந்தரவு குறைவு. புக்கெட் பக்கம் மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை, ஹுவா ஹின்னில் அக்டோபர், நவம்பரில்தான் நல்ல மழை.

மணலில்தான் மணவறை என்று மகள் பிடிவாதம் பிடித்தால் கொஞ்சம் பேசிப் பாருங்கள். தாய்லாந்தில் கடற்கரை பொது இடம், ஓட்டலுக்குச் சொந்தமில்லை. நீங்கள் நாற்காலி போட்டிருக்கும் இடத்தின் வழியே யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். அலை ஏறும் நேரத்தில் மணல் குறுகிவிடும். சக்கர நாற்காலி மணலில் உருளாது. ஹோமம் வளர்க்கக் கடல் காற்று விடாது. கடலைப் பார்த்த புல்வெளியில் மணவறை போட்டால் படத்தில் கடலும் வரும், பாட்டியும் வருவார்.

அடுத்து தேதி. உங்கள் தைக் கல்யாணத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சீனப் புத்தாண்டு எப்போதும் அமாவாசையன்றுதான் பிறக்கும். 2027-ல் அது பிப்ரவரி 6, நமக்குத் தை அமாவாசை. அதாவது அமாவாசை கழித்து வரும் வளர்பிறை முகூர்த்தங்கள் எல்லாம் சீனப் புத்தாண்டு விடுமுறைக்குள் போய் விழுகின்றன. அந்த நாட்களில் தாய்லாந்தில் அறை வாடகையும் விமானக் கட்டணமும் ஏறிவிடும், மொத்தமாக அறை கிடைப்பதும் கஷ்டம். ஆனால் பொங்கல் முடிந்ததிலிருந்து ஜனவரி 22 பௌர்ணமி வரை ஒரு வளர்பிறை வாரம் இருக்கிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் கலைந்திருக்கும், சீனப் புத்தாண்டுக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. ஜோசியரிடம் அந்த வாரத்தில் முகூர்த்தம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் மார்ச் 8 அமாவாசைக்குப் பிறகு மாசிக் கடைசியில் பாருங்கள். வெயில் இருக்கும், ஆனால் மழை இருக்காது. சித்திரைக்குத் தள்ளிப்போடும் யோசனை வந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சொங்கிரான், அவர்களுடைய புத்தாண்டு. தெருவெல்லாம் தண்ணீர் வீசி விளையாடுவார்கள், நாடே விடுமுறையில் இருக்கும்.

முகூர்த்த நேரத்தைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம். தாய்லாந்து கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. அதனால் கரூரில் 7.30 முதல் 9 வரை என்று குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தை, அங்கே 9 முதல் 10.30 என்று பலர் மாற்றிவிடுகிறார்கள். அது தப்பு. திதியும் நட்சத்திரமும் முடியும் கணம் உலகம் முழுக்க ஒன்றுதான், அவற்றுக்கு ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டுவது சரி. ஆனால் லக்னமும் ராகு காலமும் அந்தந்த ஊரின் சூரிய உதயத்தைப் பொறுத்தவை. ஹுவா ஹின் கரூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 22 பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அதே ஒன்றரை மணி நேரம் வரும். எனவே அங்கத்திய கடிகாரத்தில் சூரியன் உதிப்பதும், லக்னம் மாறுவதும், ராகு காலம் வருவதும் ஏறக்குறைய கரூர்க் கடிகாரத்தில் இருக்கும் அதே மணிக்குத்தான். ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நீங்களே கூட்டிக் கழிக்க வேண்டாம். கல்யாணம் நடக்கும் ஊரின் பெயரைச் சொல்லி, அந்த ஊருக்கே கணித்து, தாய்லாந்து நேரப்படி எழுதித் தரும்படி ஜோசியரிடம் கேளுங்கள். பத்திரிகையிலும் "தாய்லாந்து நேரப்படி" என்றே அச்சடிக்க வேண்டும்.

இனி சட்டம். இந்தியாவையே நிரந்தர வசிப்பிடமாகக் கொண்ட இந்துக்கள் வெளிநாட்டில் இருந்தாலும் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும். ஆகவே முறைப்படி அங்கே கட்டும் தாலி செல்லாது என்று பயப்பட வேண்டாம். சிக்கல் வருவது பதிவில். வெளிநாட்டு ஓட்டலில் நடந்த கல்யாணத்துக்கு இங்கே சார்பதிவாளர் முன் ஆதாரம் காட்டுவது அலைச்சல். தாய்லாந்திலேயே பதிவு செய்யலாம் என்றால், நம் தூதரகத்தில் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, தாய் மொழியில் பெயர்த்து, அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தில் முத்திரை வாங்கி, அப்புறம் மாவட்ட அலுவலகம் போக வேண்டும். வாங்கிய சான்றிதழை இந்தியாவில் காட்ட மறுபடி மொழிபெயர்ப்பு, மறுபடி முத்திரை. இந்தியத் தூதரகத்திலேயே நடத்த 1969-ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் இருவரில் ஒருவராவது அங்கே 30 நாள் தங்கியிருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு இது ஒத்து வராது.

என் யோசனை, சிறப்புத் திருமணச் சட்டப்படி புறப்படும் முன்பே இங்கே கையெழுத்துப் போட்டுவிடுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதில் சடங்கு எதுவும் தேவையில்லை. மாலை மாற்ற வேண்டாம், தாலி வேண்டாம், உறுதிமொழியும் மூன்று சாட்சிகளின் கையெழுத்தும் போதும். "தாலியை இரண்டு தடவை கட்டலாமா" என்ற கேள்வியே எழாது. இருவரில் ஒருவர் ஒரு மாவட்டத்தில் 30 நாள் வசித்திருந்தால் அந்த மாவட்டத் திருமணப் பதிவு அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்கலாம். மாப்பிள்ளை கோவையிலேயே இருந்தால் அங்கே கொடுப்பது சுலபம். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் கழிந்தபின், நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் கையெழுத்தாக வேண்டும். ஜனவரி மூன்றாம் வாரம் கல்யாணம் என்றால் நவம்பர் நடுவில் நோட்டீஸ் கொடுத்தால் சரியாக வரும். ஒரு விஷயத்தை இரண்டு வீட்டாரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தான அன்றே அவர்கள் சட்டப்படி கணவன் மனைவி. அதற்குப் பிறகு ஏதாவது மனக்கசப்பு வந்து பிரிய நேர்ந்தால் விவாகரத்து வாங்கித்தான் ஆக வேண்டும். அதனால் கையெழுத்துக்கும் தாலிக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி விடாதீர்கள். ஓரிரு வாரம் போதும்.

பணத்துக்கு வருவோம். 120 பேர் என்றால் 60 அறை. மூன்று இரவு. ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 5,000 பாட் (தாய்லாந்து நாணயம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் ஓட்டல்கள் சொல்லும் விலைக்கு மேல் பெரும்பாலும் 10 சதவீத சேவைக் கட்டணமும், அந்தக் கூட்டுத்தொகை மீது 7 சதவீத வரியும் ஏறும். 100 பாட் என்பது கடைசியில் 117.70 ஆகிவிடும். ஆக அறைக்கு மட்டும் 10 லட்சத்து 59 ஆயிரம் பாட், பாட் 2.80 ரூபாய் என்று கணக்கிட்டால் கிட்டத்தட்ட 29.7 லட்சம் ரூபாய். மிச்சம் இருக்கும் 15 லட்சத்தில் சாப்பாடு, அலங்காரம், பேருந்து, மேளம், படம் பிடிப்பவர், துணிமணி, கூடவே ஊரில் விருந்து. நடக்காது. இதையே 70 பேர், 35 அறை, இரண்டு இரவு என்று சுருக்கினால் அறைச் செலவு சுமார் 11.5 லட்சத்துக்கு வந்துவிடும். அப்போது உங்கள் 45 லட்சத்துக்குள் மூச்சு விட இடம் கிடைக்கும். கடன் வாங்கி 120 பேரை அழைத்துப் போகாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

விமான டிக்கெட்டை யார் போடுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பெரியப்பாவுக்குப் போட்டு சித்தப்பாவுக்குப் போடாமல் விட்டால் அந்த வருத்தம் பேரன் காலம் வரை பேசப்படும். ஒரே வரிசை உறவுக்கு ஒரே முறை. போடுகிறீர்கள் என்றால் எல்லோருக்கும், இல்லை என்றால் எவருக்கும் இல்லை. அழைக்கும்போதே "தங்குவதும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு, டிக்கெட் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விடுவதைவிட அது மரியாதை.

டிக்கெட் எடுக்கும் முன் எல்லோருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் படமெடுத்து வாங்கிவையுங்கள். பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் தலைவலி. ஆதாரில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, டிக்கெட்டில் வேறு மாதிரி. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் இருக்கட்டும். இந்தியர்களுக்கான விசா விதியைத் தாய்லாந்து சில ஆண்டுகளாக மாற்றிக்கொண்டே வருகிறது, அதனால் டிக்கெட் எடுக்கும் வாரத்திலும் புறப்படும் மாதத்திலும் அவர்கள் தூதரகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். 2025 மே மாதத்திலிருந்து வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவது கட்டாயமாகிவிட்டது. போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஒவ்வொருவர் பெயரிலும் நிரப்ப வேண்டும். அந்த வேலையை வீட்டில் விவரமான பிள்ளைகள் இரண்டு பேரிடம் ஒப்படையுங்கள்.

ஓட்டலுக்கான பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். பான் எண் கேட்பார்கள். தொகையையும் அனுப்பும் விதத்தையும் பொறுத்து டி.சி.எஸ். என்ற வரியும் பிடிக்கலாம். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறியிருக்கிறது, ஆடிட்டரிடம் கேளுங்கள். பிடித்த பணத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். ஆகவே ஒழுங்காக வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவர் பெயரிலிருந்து பணம் போகட்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிபந்தனையை எழுதி வாங்குங்கள்: குடும்பத்தில் நெருங்கிய உறவு தவறிவிட்டால், கட்டிய பணத்தை அப்படியே வரவு வைத்துக்கொண்டு தேதியை மாற்றித் தர வேண்டும். நம் வீடுகளில் தீட்டு வந்தால் முகூர்த்தம் நிற்கும் என்பது அங்கிருக்கும் மேலாளருக்குத் தெரியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் மறுப்பார்கள். தேதி மாற்றத்துக்குப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் முன்பே எழுதியிருந்தால்தான். எத்தனை அறையை எந்தத் தேதி வரை அபராதமில்லாமல் விட்டுக்கொடுக்கலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நகை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். கனமான நகை லாக்கரிலேயே இருக்கட்டும். கொண்டு போவதை ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்டி எடையும் மதிப்பும் எழுதி வாங்கி, ஒவ்வொன்றையும் படமெடுத்து வையுங்கள். புறப்படும் அன்று விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். இது இல்லாமல் போனால், திரும்பி வரும்போது அது இங்கிருந்து எடுத்துப் போன நகைதான் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. வரி கட்டச் சொன்னாலும் சொல்வார்கள். இதற்காகவே மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். திருமாங்கல்யம் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போடாதீர்கள்.

சீர்வரிசைப் பெட்டியில் கற்பூரம் வைக்கக் கூடாது. எளிதில் தீப்பற்றும் பொருள், விமானத்தில் அனுமதி இல்லை. கொப்பரையும் அப்படித்தான். கவலைப்பட வேண்டாம். வாழை இலை, தேங்காய், வெற்றிலை, மஞ்சள் எல்லாம் தாய்லாந்தில் தாராளமாகக் கிடைக்கும். பாங்காக்கின் பாக் குளோங் தலாட் பூச்சந்தை இரவு பகலாகத் திறந்திருக்கும். மல்லிகை, செவ்வந்தி, தாமரை குவிந்து கிடக்கும். பஹுராட் பகுதியில் இந்தியக் கடைகள் உண்டு. சிலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போன தமிழர்கள் கட்டியது. நம்மைவிடத் தாய்லாந்து மக்கள் அங்கே கூட்டமாகக் கும்பிடுவார்கள். பாங்காக்கில் இறங்கியதும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கே அழைத்துப் போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஹுவா ஹின் போங்கள். மாமியாருக்கும் மனசு நிறையும்.

ஐயரையும் நாதஸ்வரம், தவில் கலைஞர்களையும் ஊரிலிருந்து அழைத்துப் போவதே நல்லது. ஆனால் ஒன்று: தாய்லாந்தில் வெளிநாட்டவர் அனுமதி இல்லாமல் கூலிக்கு வேலை செய்வது குற்றம். படம் பிடிப்பவர், அலங்காரம் செய்பவர், வாசிப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும். "சுற்றுலாவுக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாட்டிக்கொண்டால் கஷ்டப்படப்போவது அந்தக் கலைஞர்கள்தான். அங்கிருக்கும் ஏற்பாட்டாளர் மூலம் முறையான அனுமதி வாங்கித் தரச் சொல்லி, அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஹோம நெருப்பு, காலை ஆறு மணிக்கு மேளச் சத்தம் இரண்டுக்கும் ஓட்டலின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். துணியில் மஞ்சள், குங்குமக் கறை பட்டால் தண்டம் எவ்வளவு என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் சைவர்கள் இருந்தால் கவனம். அங்கே சைவம் என்று சொல்லிக் கொடுக்கும் பதார்த்தத்திலும் மீன் சாறு சேர்த்திருப்பார்கள். "ஜே" என்று கேட்டால் மீன் சாறும் முட்டையும் இல்லாத உணவு கிடைக்கும், ஆனால் அதில் பாலும் கூடாது, பூண்டு வெங்காயமும் கூடாது. முகூர்த்த விருந்துக்கு மட்டுமாவது நம் சமையல்காரர் உள்ளே போய்ச் சமைக்க அடுப்படி தருகிற ஓட்டலாகப் பாருங்கள். வேலை அனுமதி அவருக்கும் வேண்டும். வெளிச் சமையலுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், பேசிக் குறைக்கலாம்.

கடைசியாக ஊர். சொந்தக்காரர்கள் வருத்தப்படுவார்கள் என்று பயப்படுகிறீர்கள், நியாயமான பயம். இத்தனை வருடம் நீங்கள் எழுதிய மொய் ஒவ்வொன்றும் உங்கள் வீட்டு விசேஷத்துக்காகக் காத்திருக்கிறது. அவர்கள் அதைத் திருப்பிச் செய்ய ஓர் இடம் வேண்டாமா? திரும்பி வந்த பத்து நாளுக்குள் கரூரில் ஒரு மண்டபம் பிடித்து, இலை போட்டு விருந்து வையுங்கள். ஓட்டலுக்கு ஒரு ரூபாய் கொடுக்கும் முன்பே இந்த விருந்துக்கான பணத்தை 45 லட்சத்திலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். பத்திரிகையும் ஒன்றாகவே இருக்கட்டும். முகூர்த்தம் அங்கே, விருந்து இங்கே என்று இரண்டும் ஒரே தாளில். வெளிநாட்டுக்கு அழைக்காதவர்களுக்கும் அதே பத்திரிகையை நேரில் போய் வெற்றிலை பாக்கோடு வைத்து, விருந்துக்கு வரச் சொல்லுங்கள். மாமியாரால் பயணம் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டால் மட்டும் என் யோசனை மாறும். அப்போது தாலியை உங்கள் குலதெய்வக் கோயிலில் அவர் முன்னால் கட்டி, அந்தச் சடங்கின் பேரிலேயே இங்கே பதிவு செய்துகொண்டு, வரவேற்பை ஹுவா ஹின்னில் வைத்துக்கொள்ளுங்கள். மகளிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள், டிசம்பரில் வேண்டாம்.